தனியார் பள்ளிக்கு அரசுப் பணம்: கதவு யார் கையில்?

தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அரசு கட்டணம் கட்டலாமா? இந்தக் கேள்வி செய்தியில் வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் மோதிக்கொள்ளும். "வசதி இருப்பவர்கள் மட்டும்தான் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?" என்பது ஒன்று. "அரசுப் பள்ளிக்குச் சேர வேண்டிய பணத்தைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுப்பதா?" என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் வாதாடுவது பணத்தையும் மதிப்பெண்ணையும் வைத்துத்தான்.

பள்ளி பாடம் நடத்தும் இடம் மட்டுமல்ல. யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது, யாரை நம்மவர் என்று நினைப்பது என்பதெல்லாம் அங்கேதான் பழகுகிறது. இப்படிப்பட்ட விஷயங்களைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது: மனிதர்களின் வழக்கங்களை ஆராயும் மானிடவியல். அந்தக் கண்ணோடு பார்த்தால், பள்ளியை நடத்துவது அரசா தனியாரா என்பது இரண்டாவது கேள்வியாகிவிடுகிறது. பள்ளிக்குள் யார் நுழையலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதே முதல் கேள்வி.

அரசுப் பணம் எந்த வழிகளில் போகிறது?

'அரசு நிதி' என்று ஒரே சொல்லில் சொன்னாலும், உலகம் முழுக்கப் பார்த்தால் குறைந்தது ஐந்து வழிகள் தெரிகின்றன.

1. உதவி மானியம். பள்ளியை ஓர் அறக்கட்டளையோ மத அமைப்போ நடத்தும். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். இந்தியாவில் இதற்கு வித்திட்டது 1854-இல் வந்த உட் அறிக்கை. இன்றைய அரசு உதவிபெறும் பள்ளிகள் அந்த மரபில் வந்தவை.

2. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. எத்தனை பிள்ளைகள் சேர்கிறார்களோ அதற்கேற்ப அரசு பள்ளிக்குப் பணம் தரும். நெதர்லாந்து, சிலி, சுவீடன் ஆகிய நாடுகளில் இதுதான் முறை.

3. வவுச்சர். குடும்பத்துக்கு ஒரு கல்விச் சீட்டு கிடைக்கும். அவர்கள் விரும்பும் பள்ளியில் அதைக் கொடுக்கலாம். பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1955-இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்த யோசனையைப் பரவலாக்கியது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1990-இல் ஏழைக் குடும்பங்களுக்கு இது தொடங்கியது.

4. ஒதுக்கீட்டு இடம். தனியார் பள்ளி தன் இடங்களில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கான செலவை அரசு திருப்பித் தரும். இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 2009 இந்த வகை.

5. மறைமுக உதவி. வரிச்சலுகை, சலுகை விலையில் நிலம் போன்றவை. 'எங்கள் பள்ளி அரசிடம் ஒரு பைசா வாங்குவதில்லை' என்று சொல்லும் பல நிறுவனங்கள் இதை மறந்துவிடுகின்றன.

மூன்றாவது வகையும் இரண்டாவது வகையும் பார்வைக்கு வேறு என்றாலும் விளைவில் ஒன்றுதான்: பிள்ளை எங்கே போகிறதோ அங்கே பணமும் போகும். "பெற்றோர் நல்ல பள்ளியைத் தேடிப் போவார்கள், மோசமான பள்ளி ஒன்று திருந்தும், இல்லையென்றால் மூடும்" என்பதுதான் இதன் பின்னால் உள்ள நம்பிக்கை. இந்த நம்பிக்கை பெற்றோர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பற்றிய ஓர் அனுமானத்தில் நிற்கிறது. மானிடவியல் கை வைப்பது அந்த அனுமானத்தில்தான்.

சொல்வது ஒன்று, செய்வது ஒன்று

மானிடவியலின் முதன்மைக் கருவி களப்பணி. முதல் உலகப் போர்க் காலத்தில் புரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி பசிபிக் கடலின் ட்ரோபிரியண்ட் தீவுகளில் நீண்ட காலம் தங்கி, அங்குள்ள மக்களின் மொழியைக் கற்று, அன்றாட வாழ்வைப் பார்த்துப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு இந்த முறை துறையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அது கற்றுத்தந்த முதல் பாடம் எளிமையானது: மனிதர்கள் தங்கள் வழக்கத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பாதே, அவர்கள் செய்வதைப் பார்.

பள்ளித் தேர்வில் இது அப்படியே பொருந்துகிறது. ஏன் இந்தப் பள்ளி என்று கேட்டால், நல்ல ஆசிரியர்கள், நல்ல தேர்ச்சி, பாதுகாப்பு என்றுதான் எந்தப் பெற்றோரும் சொல்வார்கள். அங்கே படிக்கும் மற்றப் பிள்ளைகளின் இனத்தையோ வசதியையோ பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் அரிது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாஷிங்டன் நகரப் பள்ளிகளைப் பற்றிய தகவல்களைத் தரும் ஓர் இணையதளத்தை ஆய்வாளர்கள் அமைத்து, பெற்றோர் எதை எந்த வரிசையில் சொடுக்குகிறார்கள் என்று கவனித்தார்கள். முதலில் தேடப்பட்ட விவரங்களில் முன்னால் நின்றது, அந்தப் பள்ளியில் எந்தெந்தப் பிரிவுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதுதான்.

இதை வெறும் பாசாங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பெற்றோருக்குப் பள்ளியின் கற்பித்தல் தரத்தை வெளியிலிருந்து அளக்க வழியில்லை. அங்கே யார் போகிறார்கள் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். 'நம்மைப் போன்றவர்கள் போகும் பள்ளி' என்பது அவர்களுக்கு ஒரு தகவல், ஓர் ஆறுதல், கூடவே ஓர் உறவு வலைப்பின்னல். பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு கூட்டத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

பள்ளி ஒரு நீண்ட சடங்கு

அர்னால்டு வான் கெனப் என்ற அறிஞர் 1909-இல் வாழ்க்கைக் கட்டச் சடங்குகளை மூன்று படிகளாகப் பிரித்தார்: பழைய நிலையிலிருந்து பிரிவது, இடைநிலையில் இருப்பது, புதிய நிலையில் சேர்வது. பூப்பு, திருமணம், இறப்பு என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றார்.

பள்ளியை இப்படி வைத்துப் பாருங்கள். பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். ஒரே மாதிரி உடை. ஒரே மணி. ஒரே வரிசை. ஒன்றாக நின்று ஒரே பாட்டு. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு சான்றிதழோடு வெளியே அனுப்புகிறார்கள். இந்த இடைநிலையில் ஒன்றாக இருந்தவர்களுக்குள் உண்டாகும் பிணைப்பு வாழ்நாள் முழுக்க நீடிக்கும். ஒரே பள்ளியில் படித்தோம் என்ற ஒரு வாக்கியம் வேலைக்கும், வியாபாரத்துக்கும், கல்யாணத்துக்கும் வழி திறப்பது இதனால்தான். ஆகவே இந்தச் சடங்குக்குள் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்பது பாடத்திட்டத்தைவிடப் பெரிய விஷயமாக இருந்துவந்திருக்கிறது. அரசு தன் பணத்தை இங்கே வைக்கும்போது, இந்தச் சேர்ப்புக்கும் விலக்கலுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறது.

விலக்குவதற்கே அரசுப் பணம் பயன்பட்ட ஓர் இடம்

இதை வெட்டவெளிச்சமாகக் காட்டியது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம். 1951-இல் அங்கே கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளியின் அவல நிலையை எதிர்த்து, பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவியின் தலைமையில் பிள்ளைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிலிருந்து பிறந்த வழக்கு, 1954-இல் இனவாரிப் பள்ளிகள் செல்லாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பில் சேர்ந்தது.

மாவட்ட நிர்வாகம் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்க விரும்பவில்லை. 1959-இல் பொதுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்து மூடியது. வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு தனியார் பள்ளி உருவானது. கட்டண மானியமாகவும் வரிச்சலுகையாகவும் அரசின் கை அந்தப் பள்ளிக்கு உதவியது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போய்ப் படித்தார்கள்; பலருக்குப் படிப்பே நின்றுபோனது. 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பொதுப் பள்ளிகள் திறந்தன. ஐந்து ஆண்டுகள். ஆறு வயதில் முதல் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை பதினொரு வயதில் முதன்முதலாகப் பொதுப் பள்ளி வகுப்பறையைப் பார்த்திருக்கும்.

அதற்காக, வவுச்சர் கேட்பவர்கள் எல்லாரும் இதைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்வது அநியாயம். மில்வாக்கியில் அதற்காக முன்னின்று போராடியவர்களில் கறுப்பினப் பெற்றோரும் தலைவர்களும் இருந்தார்கள். ஒரே கருவி இரண்டு நேரெதிர் வேலைகளுக்குப் பயன்பட்டிருக்கிறது. வேறுபாடு எங்கே? கதவின் விதியில். மில்வாக்கியில் குடும்ப வருமானம்தான் தகுதி. விண்ணப்பங்கள் கூடினால் குலுக்கல்.

மூன்று நாடுகள், மூன்று விதிகள்

அடுத்து, இந்த விதிகள் நாடு முழுவதுக்கும் பொருந்தும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

1. நெதர்லாந்து. மதப் பள்ளிகளுக்கு அரசு பணம் தரலாமா என்று 19-ஆம் நூற்றாண்டு முழுக்க அங்கே சண்டை நடந்தது. 1917-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஒரு சமரசம் செய்தார்கள்: பொதுப் பள்ளிக்கும் மதப் பள்ளிக்கும் சமமான நிதி. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், சோசலிசவாதிகள் எனச் சமூகம் தூண் தூணாகப் பிரிந்து, ஒவ்வொரு தூணுக்கும் சொந்தப் பத்திரிகை, தொழிற்சங்கம், விளையாட்டுக் கழகம் என்று வாழ்ந்த நாடு அது. பள்ளியும் அந்தத் தூணின் ஒரு பகுதி. இன்றும் அங்கே மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் தனியார் அமைப்புகள் நடத்தும் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். 1980-களின் இறுதியிலிருந்து இஸ்லாமியப் பள்ளிகளும், சூரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரின் இந்துப் பள்ளிகளும்கூட அதே விதியில் அரசு நிதி பெறுகின்றன. பணத்தோடு கடிவாளமும் உண்டு: ஆசிரியர் தகுதி, தேசியத் தேர்வு, அரசு ஆய்வு எல்லாம் பொது. பெற்றோரிடம் கேட்கும் தொகை விருப்பத் தொகைதான், கட்டாயம் இல்லை. இவ்வளவு சமத்துவத்தோடு அமைத்தும், பிள்ளைகள் தத்தம் கூட்டத்தோடேயே வளர்ந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. அங்கே அரசு தெரிந்தே கொடுத்த விலை அது.

2. சிலி. பினோசெட்டின் இராணுவ ஆட்சி 1981-இல் தலைக்கு இவ்வளவு என்ற முறையை நாடு முழுவதும் கொண்டுவந்தது. பள்ளிகள் லாபம் பார்க்கலாம், பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கலாம். 1993-இல் அரசுப் பணத்துக்கு மேல் பெற்றோரிடமும் கட்டணம் வாங்க வழி விரிவானது. விளைவு கணக்கில் தெரிந்தது. 1980-களின் தொடக்கத்தில் பெரும்பான்மைப் பிள்ளைகள் உள்ளாட்சிப் பள்ளிகளில் இருந்தார்கள். முப்பது ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போனது. நுழைவுத் தேர்வு, பெற்றோர் நேர்காணல், மதச் சான்று என்று பள்ளிகள் வடிகட்டின. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லி ஆரம்பித்தது, பள்ளி பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில் போய் முடிந்தது. 2006-இல் பள்ளி மாணவர்களே தெருவில் இறங்கினார்கள். அடர்நிற மேற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமான சீருடையால் அந்தப் போராட்டத்துக்குப் பென்குயின் புரட்சி என்றே பெயர் வந்தது. 2011-இல் மீண்டும் பெரிய போராட்டம். 2015-இல் வந்த சட்டம், அரசுப் பணம் வாங்கும் பள்ளிகளில் லாபம், கூடுதல் கட்டணம், பிள்ளைகளைப் பொறுக்குவது ஆகிய மூன்றையும் படிப்படியாக ஒழிக்க வழிசெய்தது.

3. சுவீடன். தலைக்கு இவ்வளவு என்ற முறை இங்கே 1992-இல் தொடங்கியது. லாபத்துக்கு இடம் உண்டு, கட்டணத்துக்குத் தடை. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பல பள்ளிகள் முதலில் பதிவு செய்தவருக்கு முதல் இடம் என்ற வரிசை முறையை வைத்தன. விவரம் தெரிந்த பெற்றோர் பிள்ளை பிறந்ததுமே பதிந்துவிடுவார்கள். அண்மையில் அந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த அகதிக் குடும்பம் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க முடியும். பணத்தால் பூட்டாத கதவை நேரத்தால் பூட்டலாம்.

மதிப்பெண் என்ன ஆனது?

சுருக்கமாகச் சொன்னால், எல்லா இடத்திலும் ஒரே பதில் கிடைக்கவில்லை. கொலம்பியாவில் 1991-இல் தொடங்கிய திட்டத்தில் குலுக்கலில் வவுச்சர் பெற்ற பிள்ளைகள், பெறாதவர்களைவிட அதிகமாக எட்டாம் வகுப்பை முடித்தார்கள். ஆந்திரப் பிரதேசக் கிராமங்களில் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வில், தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் நான்கு ஆண்டுகள் கழித்தும் தெலுங்கிலும் கணக்கிலும் முன்னேறிவிடவில்லை, இந்தியில் முன்னேறினார்கள், ஆனால் அந்தப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கான செலவு அரசுப் பள்ளியைவிட மிகக் குறைவு. சிலியில் நாடு முழுமைக்கும் பார்த்தபோது சராசரி உயர்ந்ததற்கான ஆதாரத்தை முக்கியமான ஆய்வு ஒன்று காணவில்லை. வசதியான குடும்பங்கள் ஒரு பக்கம் திரண்டதைத்தான் கண்டது.

ஏன் பள்ளியை மாற்றினால் மட்டும் போதவில்லை? மானிடவியலாளர் ஷெர்லி பிரைஸ் ஹீத் 1970-களில் அமெரிக்காவின் கரோலினா பகுதியில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஆண்டுக்கணக்கில் பழகி, வீடுகளில் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார். ஆசிரியர் படத்தைக் காட்டி "இது என்ன நிறம்?" என்று கேட்பார். நடுத்தர வர்க்க வீட்டில் தாயும் தந்தையும் நாள் முழுக்க இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்; பிள்ளை டக்கென்று பதில் சொல்லும். ஹீத் பழகிய கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பிலோ, கேட்பவருக்கே விடை தெரிந்த கேள்வியைப் பெரியவர்கள் கேட்பதில்லை. 'இது எதைப் போல இருக்கிறது?', 'அப்புறம் என்ன ஆச்சு?' என்பவைதான் அங்கே கேள்விகள். அந்தப் பிள்ளை ஆசிரியரின் முன்னால் வாய் திறக்காமல் நிற்கும். ஆசிரியர் அதை மந்தம் என்று எடுத்துக்கொள்வார். இந்த இடைவெளியை ஒரு வவுச்சர் நிரப்பாது. ஆசிரியர் அந்தப் பிள்ளையின் வீட்டு வழக்கத்தை அறிந்தால்தான் நிரம்பும். ஹீத் ஆசிரியர்களோடு சேர்ந்து அதற்கும் முயன்றார்.

இலவசம் என்ற சொல் செய்யும் வேலை

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் கொடையைப் பற்றி எழுதியபோது சொன்ன ஒரு கருத்து இங்கே பொருந்தும். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது என மூன்றும் கடமைகள். திருப்பித் தர முடியாத கொடையை வாங்குபவர், கொடுத்தவருக்குக் கீழே போய்விடுகிறார்.

அரசு கட்டணம் கட்டும் பிள்ளை யாருடைய கொடையையும் வாங்கவில்லை. சட்டம் தந்த உரிமையோடு வருகிறது. ஆனால் பள்ளி அந்த இடத்தை 'இலவச சீட்' என்று அழைத்துவிட்டால் உரிமை தர்மமாக மாறிவிடுகிறது. அப்புறம் சுற்றுலாவுக்குப் பணம், ஆண்டு விழா உடைக்குப் பணம் என்று கேட்கும்போது அந்தத் தாயால் வாதாட முடியாது. இது மனநிலைச் சிக்கல் என்று விட்டுவிடக் கூடாது. பணம் எந்தப் பெயரில் வருகிறது என்பது பிள்ளை வகுப்பில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தியாவின் 25 சதவீதம்

இந்தியச் சட்டத்தை இவ்வளவும் தெரிந்துகொண்டு படித்தால் வேறு மாதிரி தெரியும். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 12(1)(சி), அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறாத பள்ளிகளுக்கு விலக்கு அளித்தது. 2014 தீர்ப்பு, சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்தையும் சட்டத்தின் வரம்பிலிருந்தே விலக்கியது.

பணக் கணக்கு இது: அரசு ஒரு பிள்ளைக்குத் தன் பள்ளியில் செய்யும் செலவு, அல்லது தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இதில் எது குறைவோ அதைத் திருப்பித் தரும். அது தாமதமாவது பள்ளிகளின் நீண்டகாலப் புகார். 2025-இல் ஒன்றிய அரசுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையே எழுந்த கல்வி நிதித் தகராறில் இந்தச் சேர்க்கையே சிக்கி, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அரசுகள் கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது சேர்க்கைக்கான மாதங்கள் கடந்துபோயின.

ஆனால் இந்தப் பிரிவின் உயிர் பணத்தில் இல்லை. வவுச்சர் முறை பிரித்துக் குவிக்கக்கூடியது. இது கலக்கச் சொல்கிறது. கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்ற விதி 2007-இல் அங்கே அமலானது. பொருளியலாளர் கௌதம் ராவ், வசதியான மாணவர்களை ஒரு தொடர் ஓட்டப் போட்டிக்கு அழைத்தார். யாரைக் கூட்டாளியாகத் தேர்ந்தெடுப்பது? வேகமாக ஓடும் ஏழை மாணவரையா, மெதுவாக ஓடும் வசதியான மாணவரையா? வென்றால் பரிசு உண்டு. ஆனால் தேர்ந்தெடுத்த கூட்டாளியோடு சேர்ந்து நேரம் செலவிட வேண்டும். ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்தவர்கள், வேகமாக ஓடும் ஏழை மாணவரை ஒதுக்குவது குறைந்தது. பிறருக்குக் கொடுக்கும் மனமும் கூடியிருந்தது. மதிப்பெண்ணில் ஆங்கிலத்தில் சிறு சரிவு தெரிந்தது. இந்தியிலும் கணக்கிலும் அதுகூட இல்லை.

அந்த ஆய்வில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரித்திருந்தார்கள். தற்செயலாக ஏழைப் பிள்ளையோடு ஒரே குழுவில் விழுந்தவர்களை இதை வைத்துத் தனியாகப் பார்க்க முடிந்தது. நேருக்கு நேர் பழகியது மாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்தது.

ஒன்றிய அரசு 2010-இல் வெளியிட்ட மாதிரி விதிகள் இதைச் சரியாகவே பிடித்திருக்கின்றன. ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளை வகுப்பறையில் தனியாகப் பிரிக்கக் கூடாது. அவர்களுக்கு வேறு இடத்திலோ வேறு நேரத்திலோ வகுப்பு வைக்கக் கூடாது. புத்தகம், சீருடை, நூலகம், விளையாட்டு எதிலும் வேறுபாடு காட்டக் கூடாது. எத்தனை இடம் நிரம்பியது, எத்தனை கோடி பாக்கி என்ற எண்களைச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் கேட்கிறோம். மாலை நேரத் தனி வகுப்பு நடக்கிறதா, மதிய உணவில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று எந்த அதிகாரியும் கணக்கெடுப்பதாகத் தெரியவில்லை. அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். ஒரு நாள் முழுக்க வகுப்பறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் ஆய்வாளர் ஒருவர் போதும்.